இரண்டாம் முறை வந்தவர்

ஆரம்பாக்கம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
மூடிப்போன ஐஸ் கம்பெனிதான் எங்கள் கிடங்கு.
சுவரில் இன்னும் மீன் வாடை.
யாரோ பட்டணத்திலிருந்து அனுப்பும் பெட்ஷீட்டிலும்
ஒரு மாதத்தில் ஏறிவிடும்.
வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள்:
நம்ம வீட்டுதுதான்.

புயல் இல்லாத மாதங்களில் என் வேலை எண்ணுவது.
தார்ப்பாய் நூற்று நாற்பது, எலி கடித்தது ஒன்பது.
ப்ளீச்சிங் பவுடர் ஆறு மூட்டை.
உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைத் தேதி பார்த்து
முன்னால் நகர்த்த வேண்டும்.
ஒற்றைச் செருப்புகள் ஒரு சாக்கு.
யார் அனுப்புகிறார்கள், எதற்கு, தெரியவில்லை.
எறியவும் கை வரவில்லை.

சங்கத்துக்கு ஆண்டுமலர் கிடையாது.
வரலாறு கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம்
பச்சை அட்டை நோட்டை நீட்டுவேன்.
உள்ளே விதிகள் மட்டும்.
ஒவ்வொன்றும் யாரோ செய்த தவறு.

முதல் விதி லாரிக்கார சம்சுதீன் பாய் எழுதியது:
'சோற்றுக்கு முன்னால் குடிதண்ணீர்.'
அந்த நவம்பரில் அவர்
வண்டி நிறையப் புளிசாதம் ஏற்றிப் போனார்.
கிணறெல்லாம் கடல் இறங்கிக் கிடக்க,
பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு
விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்ததாம் ஒரு குப்பம்.

நான்காவது: 'எந்த மாநிலத்துக் கார்டு என்று கேட்காதே.'
ஏரிக்குள் கோடு போட்டவர்கள்
ஏரிக்குள் வலை போட்டவர்கள் இல்லை.
தண்ணீர் ஏறிய இரவில் பக்கத்துத் திட்டு ஜனங்கள்
எங்கள் படகில் ஏறலாமா என்று
தெலுங்கில் கேட்டார்கள்,
கழுத்தளவு தண்ணீரில் நின்று, மரியாதையாக.
எங்களில் ஒருவர் கார்டு கேட்டார்.
எடுத்துக் காட்டினார்கள். நனையாமல் வைத்திருந்தார்கள்.

ஏழாவது: 'பெயரை அவரவர் சொல்கிறபடி எழுது.'
போலம்மாவைப் பொன்னம்மா என்று திருத்தினான்
பி.காம். படித்த தம்பி ஒருவன்.
பொன்னம்மாவுக்கு வந்த குடிசைப் பணம்
தாசில்தார் ஆபீசில் இரண்டு வருஷம் தூங்கியது.

பதினொன்று என் கையெழுத்து.

மை வைத்தோம் அப்போது, தேர்தல் போல,
இடது ஆள்காட்டி விரலில்.
ஆளுக்கு ஒருமுறை. கூட்டம் பெரிது, அரிசி கொஞ்சம்.
சரியாகத்தான் பட்டது.
கோட்டய்யா மத்தியானம் வாங்கிப் போனார்.
சாயங்காலம் மறுபடி வரிசையில்.
சுண்ணாம்பு போட்டுத் தேய்த்திருந்தார்.
தோல் உரிந்து சிவந்திருந்தது,
நகக்கண்ணில் மட்டும் நீலம்.
அந்த விரலைத் தூக்கிப் பிடித்து
வரிசைக்கு நான் காட்டினேன்.
விரட்டியதை மறந்துவிடலாம்.
காட்டினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தெலுங்கில் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் படகு ஓட்டிப்போன தயாளன் சொன்னான்:
பள்ளிக்கூட மொட்டைமாடியில்
இடுப்பு ஒடிந்து கிடந்தாள் ஒருத்தி.
அவருக்கு உறவில்லை.
வேலித் தகராறில் பேச்சுவார்த்தைகூட இல்லை.
முதல் அரிசி அவளுக்குக் கஞ்சியாகப் போயிருக்கிறது.
இரண்டாவது கேட்டதுதான் தனக்கு.

'மறுபடி வருகிறவருக்கு நாற்காலி போடு.
உட்கார்ந்த பிறகு கேள்.'
எழுதிவிட்டு மைப்புட்டியைச்
செருப்புச் சாக்கில் போட்டேன்.

கோட்டய்யா இன்றும் மீன்கூடையோடு
கேட்டைத் தாண்டிச் சந்தைக்குப் போகிறார்.
கிடங்குப் பக்கம் திரும்புவதில்லை.
நானும் கூப்பிட்டதில்லை.
கூப்பிட்டு என்ன எண்ணிக் கொடுப்பது?

நேற்று மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
தார்ப்பாயை மறுபடி எண்ணினேன்,
நூற்று முப்பத்தொன்று.
நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது.
மழைக்கு முன்
அட்டை மடித்து வைக்க வேண்டும்.